பணம் வந்ததா என்று கேளுங்கள்

கேள்வி: எங்கள் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போய் பர்மாவில் இறந்துவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். போட்டோ, மெடல் எதுவும் இல்லை. எந்தப் படையில் இருந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், வெள்ளிமலை, கல்வராயன் மலை

பதில்: முயன்று பார்க்கலாம். ஆனால் கல்லறையைத் தேடிக் கிளம்புமுன், வீட்டுக்குப் பணம் வந்ததா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். 'பர்மாவில் செத்தார்' என்ற பேச்சுக்குள் நாலு விதமான சாவு அடங்கும். அவர் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாயாக இருந்திருக்கலாம். மலேயாத் தோட்டத்துக்குப் போய், 1943-க்குப் பிறகு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கலாம். அதே தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோன கூலிகளில் ஒருவராக இருந்திருக்கலாம். 1942-ல் பர்மாவை விட்டுக் கால்நடையாகத் தப்பி வந்து வழியில் மாண்டவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். எண்பது வருஷத்தில் இந்த நாலும் குடும்பத்தார் வாயில் 'பட்டாளம்' ஆகிவிடுவது சகஜம். யாரும் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம்.

சண்டையைப் பற்றிய கதை தலைமுறைக்குத் தலைமுறை வளரும். வந்த காசின் நினைவு அவ்வளவாக மாறாது. சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு ஒதுக்க முடிந்தது. போரில் இறந்தால் மனைவிக்கோ பெற்றோருக்கோ குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆகவே கொள்ளுப்பாட்டி மணியார்டருக்குக் கைநாட்டு வைத்தாளா, பென்ஷன் வாங்க மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போனாளா என்று கேளுங்கள். போனாள் என்றால் அவர் படையில் இருந்தார் என்பதற்கு அது பலமான சாட்சி. அந்தப் பென்ஷன் காகிதம் தகரப்பெட்டியில் கிடைத்தால் அதில் படை எண்ணும் இருக்கக்கூடும். மாறாக, போருக்கு முன்பே மலேயாவிலிருந்து பணம் வந்துகொண்டிருந்து, ஜப்பான் படை அங்கே இறங்கிய 1941 டிசம்பரோடு அது நின்றுபோனது என்றால், தோட்டத்துக்குப் போனவர் என்றே முதலில் கொள்ள வேண்டும். பணமே வராத வீடும் உண்டே என்பீர்கள். காணாமற்போனவர் கணக்கில் எழுதப்பட்டவர்களின் குடும்பங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்திருக்கின்றன. எனவே பணம் வந்தது சாட்சியாகும். வராதது எதையும் நிரூபிக்காது.

அடுத்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படையில் இருந்து இறந்தவர்களை அதில் இலவசமாகத் தேடலாம். இங்கேதான் பலர் இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். ஒன்று, கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று தேடுவது. மாவட்டம் பிறந்ததே 2019-ல். அன்றைய குமாஸ்தா எழுதியிருக்கக்கூடியது தென்னார்க்காடு ஜில்லா. அதனால் 'கூடுதல் தகவல்' கட்டத்தில் 'சவுத் ஆர்க்காட்' என்று ஆங்கிலத்தில் இடுங்கள். குடும்பம் கருமந்துறைப் பக்கத்தது என்றால் சேலம். மலைக்கிராமத்தின் பெயர் பதிவாகியிருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ராமசாமி நாலு விதமாக வரும், கவுண்டர் 'கவுண்டன்' ஆகியிருக்கும். தகப்பனார் பெயரோடு ஒத்துப் பார்க்காமல் யாரையும் நம்மவர் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது, கல்லறையை எதிர்பார்ப்பது. இந்துச் சிப்பாய்கள் பலருடைய உடல் எரியூட்டப்பட்டது. அவர்களுக்குப் பெயர் பொறித்த நினைவுச் சின்னம்தான் உண்டு. கோஹிமாவில் மட்டும் அப்படி 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கு ஒரு சின்னம் இருக்கிறது. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் ரங்கூன் அருகே தௌக்கியானில், ஏறத்தாழ 27,000 பேர் கொண்ட ரங்கூன் நினைவுச் சின்னத்தில் உள்ளன.

ஜாகீர்தார்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த கல்வராயன் மலையிலிருந்து யார் பட்டாளத்துக்குப் போயிருக்கப் போகிறார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். 1920-களில் கலைக்கப்பட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டை 1941-ல் மறுபடி திரட்ட வேண்டிய அளவுக்கு அன்று ஆள் தேவை இருந்தது. துப்பாக்கி பிடிக்காத சாலை, சுமை, பாலம் வேலைகளுக்கும் சீருடைப் படைகள் இருந்தன. உங்கள் உறவினர் அப்படி ஒன்றில் இருந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் மட்டும் தேடி விட்டுவிடாதீர்கள். அந்த ஜாகீர்கள் 1976-ல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தன. ஆகவே அந்தக் காலத்து வருவாய்த்துறைக் காகிதம் மலையில் அரிது. படைக்கோப்பு ஒன்று கிடைத்தால் உங்கள் குடும்பத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்தே அதுவாக இருக்கலாம்.

படைப்பிரிவு தெரிந்துவிட்டால் அதன் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூரு. பெயர், தகப்பனார் பெயர், எண், இறந்த தேதி, உங்களுக்கு என்ன உறவு என்பதைக் குறித்து, வாரிசு என்று யாரைப் பதிந்திருக்கிறார்கள் என்று தவறாமல் கேளுங்கள். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். பட்டியலில் பெயரே இல்லை, மலேயாப் பணத்தின் நினைவுதான் இருக்கிறது என்றால் வெலிங்டனுக்கு எழுதித் தபால் செலவு செய்யாதீர்கள். இந்திய தேசிய ராணுவம் பற்றிய காகிதங்கள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அங்கே கேளுங்கள்.