தெருக்காட்சிப் படம்

செட்டிநாட்டைச் சேர்ந்த கானாடுகாத்தானில் வீதிகள் நூல் பிடித்தாற்போல நேராக அமைந்துள்ளன. அங்குள்ள பெரிய வீடுகள் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாயிலுமாக நீண்டு கிடக்கின்றன. ஊருக்குப் புதியவன் ஒருவன் நிலப்படத்தைக் கையில் வைத்திருந்தாலும், தான் நிற்பது முகப்போ பின்புறமோ என்று அறியாது திகைப்பான். கோடும் புள்ளியுமாக வரைந்த படம் தெருவின் கிடையைக் காட்டுமேயன்றி அதன் முகத்தைக் காட்டாது. அம்முகத்தையே காட்ட எழுந்தது தெருக்காட்சிப் படம். கணிப்பொறியிலோ கைபேசியிலோ அதனைத் திறப்போர், தெருவின் நடுவே நின்று சுற்றிலும் நோக்குவது போலவே எல்லாத் திசைகளையும் காணலாம்.

நில அளவைக் கலை தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. 1794-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னர்க் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு அளந்து தம் பெரும்பணியைத் தொடங்கினார். 1808-இல் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்திற்கு ஏற்றுகையில், கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் மனந்தளராது தாமே அதனைச் செப்பனிட்டார். அன்று கோபுரம் ஏறிய அளவைக் கருவி, இன்று உருமாறிக் காரின் கூரைமேல் ஏறியுள்ளது.

அக்கூரைமேல் நிழற்படக் கருவிகள் பல வளையமாக அமைந்து, எல்லாத் திசைகளையும் ஒருங்கே படம் பிடிக்கும். துண்டுதுண்டான அப்படங்களைக் கணிப்பொறி விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒரே காட்சியாக்கும். படம் எடுத்த இடம் யாது என்பது செயற்கைக்கோள் வாயிலாகக் குறிக்கப்படும். சில வண்டிகளில் லேசர்க் கருவியும் உண்டு. அது விடுக்கும் ஒளி சுவரிற் பட்டு மீளும் காலத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படும். ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆதலின் 15 மீட்டர் தொலைவிலுள்ள சுவரைத் தொட்டு மீள, ஒரு நொடியைக் கோடி கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறே போதும்!

இம்முயற்சிக்கு வித்திட்டோர் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார். 1978-ஆம் ஆண்டளவில் அவர்கள் ஆசுபென் என்னும் ஊரில், காரின்மேல் நான்கு கருவிகளைப் பொருத்திப் பத்தடிக்கு ஒரு படம் எடுத்தனர். 2007-இல் கூகுள் நிறுவனம் அந்நாட்டின் ஐந்து நகரங்களை இணையத்தில் இவ்வாறு காட்டியது. 2011-இல் அதன் வண்டிகள் பெங்களூருக்கும் வந்தன. ஆயின், சில வாரங்களிலேயே காவல்துறையினர் பணியை நிறுத்தினர். 2016-இல் நடுவணரசும் நாட்டின் பாதுகாப்புக் கருதி இசைவு மறுத்தது.

அயல்நாட்டு நிறுவனம் இவ்வாறு வாயிலில் காத்திருக்க, மும்பையைச் சேர்ந்த ஜெனசிஸ் என்னும் நிறுவனம் 2013-இல் ‘வோனோபோ’ என்னும் பெயரால் இந்திய நகரங்களின் தெருக்காட்சிகளை வெளியிட்டது. அத்தளம் பெரும்புகழ் எய்தவில்லை. எனினும், தெருத்தெருவாய்த் திரிந்து பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. 2021 பிப்ரவரியில் அரசு புதிய நெறிகளை வகுத்தது. நிலப்படம் ஆக்கும் இந்திய நிறுவனங்கள் முன்னிசைவு பெறவேண்டிய கட்டாயம் அதனால் நீங்கிற்று. தெருக்காட்சி எடுக்கும் உரிமையோ இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. எனவே 2022 ஜூலையில் கூகுள் நிறுவனம், ஜெனசிஸ், டெக் மகிந்திரா ஆகியவற்றின் துணைகொண்டே சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களின் காட்சிகளை வெளியிட்டது. அப்போது அவற்றில் அடங்கிய சாலைகளின் நீளம் ஏறத்தாழ 1,50,000 கிலோமீட்டர். உலகளாவிய நிறுவனம் ஒன்று உள்நாட்டு நிறுவனத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது கருதத்தக்கது.

தெரு பொதுவுடைமை, அத்தெருவை நோக்கிய வீட்டு முகப்பும் அவ்வாறோ? செருமானிய நாட்டில் இவ்வினா வலுவாக எழுந்தது. 2010-இல் இருபது நகரங்களின் காட்சிகள் அங்கே வெளிவருமுன், தம் வீட்டை மறைக்குமாறு வேண்டியோர் 2,44,000 குடும்பத்தினருக்கு மேலாவர். கூகுள் காட்சிகளில் மனிதர் முகமும் வண்டி எண்ணும் கணிப்பொறியால் மங்கலாக்கப்படும். உரிமையாளர் வேண்டினால் வீடும் மங்கலாக்கப்படும். ஆனால் ஒருமுறை மறைத்த வீட்டை மீண்டும் தெளிவாக்குதல் இயலாது. அவசரப்பட்டு மறைப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

செட்டிநாட்டிலோ நிலைமை வேறு. உரியவர் பலராகிப் பல ஊர்களில் வாழ்வதால் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. பிரிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும், பிரித்த வீட்டைப் பட்டியல் மீட்டுத் தராது. அத்தகைய வீட்டின் முன்னே படவண்டி ஒருநாள் சென்றிருப்பின், அதன் முகப்பாவது அந்நாளில் இருந்தவாறே படத்தில் நிற்கும். முகப்பைக் கடந்து வளவிற்கும் இரண்டாங்கட்டிற்கும் வண்டி செல்லாது. அவற்றை அளந்து வரைய விரும்புவோர், கதவைத் தட்டி வீட்டாரின் இசைவு பெற்றே உட்புகுதல் வேண்டும்.