முதலில் மட்டம், பிறகு உறுதி: இழுவை வண்டியைக் கொண்டு ஓர் இயற்பியல் பாடம்

வகுப்பறையில் மேசை ஆடினால், மாணவர் ஒருவர் காகிதத்தை மடித்து அதன் காலுக்கு அடியில் வைப்பார். ஆட்டம் நின்றுவிடும். ஆனால் மேசை மட்டமாகிவிட்டதா என்று கேட்டால் வகுப்பு யோசிக்கும். ஆடாத மேசையின் மீதும் பென்சில் உருண்டோடலாம். மட்டமான மேசையும் தொட்டால் ஆடலாம். மட்டம் வேறு, உறுதி வேறு. இரண்டுக்கும் வழிகளும் வேறு.

எட்டாம் வகுப்பில் அழுத்தம், ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல், பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் என்று தனித்தனியாக நடத்துகிறோம். மூன்றும் ஒரே வேலையில் சேர்ந்து வரும் இடத்தைக் காட்டினால் மாணவர்கள் எளிதில் மறப்பதில்லை. அத்தகைய ஒரு வேலைதான் சிறிய இழுவை வீட்டு வண்டியை முகாம் இடத்தில் நிறுத்துவது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இரண்டு பாடவேளைகளில் நடத்தக்கூடிய பாடமாக இதை இங்கே தருகிறேன்.

வண்டியை அறிமுகம் செய்தல்

கேரவன் என்றதும் நம் மாணவர்களுக்குப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் பெரிய வாகனம் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசுவது வேறு வகை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகளில் குடும்பத்தினர் விடுமுறைக்குச் செல்லும்போது காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு இது. இதற்கு எஞ்சின் கிடையாது. சிறிய வண்டிகளில் நடுவில் ஓர் அச்சு, இரண்டு சக்கரங்கள். முன்னால் நீண்டிருக்கும் இழுவைச் சட்டத்தில் காருடன் இணைக்கும் கொக்கியும், திருகி உயர்த்தும் ஒரு ஜாக்கியும் இருக்கும். நான்கு மூலைகளிலும் கீழே இறக்கக்கூடிய கால்கள் உண்டு.

இரண்டு சக்கரம், முன்னால் ஒரு தாங்கல் என்ற அமைப்பு நமக்குப் புதிதல்ல. மாடு அவிழ்த்த கட்டை வண்டிக்கு முன்னால் முட்டுக் கொடுப்பதும், டிராக்டரிலிருந்து கழற்றிய டிரெய்லரைத் தாங்குகால் மீது நிறுத்துவதும் இதே முறைதான். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை மாணவர்கள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஏன் மட்டம் வேண்டும்?

மாணவர்களிடமே கேளுங்கள். சாய்ந்த வீட்டில் என்ன நடக்கும்? எண்ணெய் சட்டியின் ஒரு பக்கம் ஒதுங்கும், கழுவு தொட்டியில் நீர் தேங்கும், கதவு தானே திறக்கும், படுத்தால் தலைப்பக்கம் தாழும் என்று விடைகள் வரும். அவர்கள் சொல்லாத ஒன்றை நாம் சேர்க்க வேண்டும். அது குளிர்பதனப் பெட்டி.

இத்தகைய பல வண்டிகளில் கம்ப்ரசர் இல்லாத, வெப்பத்தால் இயங்கும் குளிர்பதனப் பெட்டி உள்ளது. 1922இல் பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் உருவாக்கிய முறை இது. அம்மோனியா கலந்த நீரைச் சிறு சுடரோ மின்சூடேற்றியோ கொதிக்க வைக்கும். திரவத்தை ஓடச் செய்ய இதில் மோட்டார் கிடையாது. குழாய்களின் சரிவில் புவியீர்ப்பு விசையால் அது தானே வடிந்து திரும்ப வேண்டும். வண்டி அதிகம் சாய்ந்தால் திரவம் குழாயில் தேங்கி, சுழற்சி தடைப்படும். கொதிகலன் பகுதி மட்டும் சூடேறிக்கொண்டே இருக்கும். நீண்ட நேரம் இப்படி ஓடினால் பெட்டி நிரந்தரமாகப் பழுதாகும்.

செயல்பாடு 1: இடத்தை அளத்தல்

தேவையானவை: 4 மீட்டர் ஒளிபுகும் குழாய், வண்ணநீர், ஒரே உயரமுள்ள இரண்டு கம்புகள், அளவுகோல். கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

பள்ளி மைதானத்தில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். இவை வண்டியின் இரு சக்கரங்கள் நிற்கும் இடங்கள். இரு புள்ளிகளிலும் கம்புகளைச் செங்குத்தாகப் பிடித்து, குழாயின் முனைகளை அவற்றோடு ஒட்டி வைக்க வேண்டும். இரு முனைகளும் திறந்திருக்க வேண்டும், உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. நீர் நிலைபெற்றதும் இரு முனைகளிலும் அது ஒரே கிடைமட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து நீர்மட்டம் வரை இரு பக்கமும் அளந்து கழித்தால் வருவது தரையின் ஏற்றத்தாழ்வு.

இப்போது கணக்கு. டேன் 1° என்பது ஏறத்தாழ 0.0175. எனவே 2 மீட்டருக்கு 1° சாய்வு என்றால் உயர வேறுபாடு 3.5 செ.மீ. மாணவர்கள் 7 செ.மீ. வேறுபாடு கண்டால் சாய்வு 2°. தாழ்ந்த சக்கரத்தின் கீழ் எவ்வளவு உயரக் கட்டை வைக்க வேண்டும் என்பதும் அதே 7 செ.மீ.தான். முக்கோணவியல் அட்டவணையிலுள்ள ஓர் எண் ஒரு மரக்கட்டையின் தடிமனாக மாறுவதை அவர்கள் கையாலேயே காண்பார்கள்.

ரசமட்டத்தையும் இங்கே காட்டலாம். பெயரில் ரசம் இருந்தாலும் உள்ளே இருப்பது பாதரசம் அல்ல, ஆல்கஹால் போன்ற திரவம். குழாய் மிகச் சிறிதளவு மேல்நோக்கி வளைந்திருக்கும். நேரான குழாயாக இருந்தால் சற்றுச் சாய்த்தாலே குமிழி ஒரு முனைக்கு ஓடிவிடும். வளைவு இருப்பதால் சாய்வுக்கு ஏற்ற இடத்தில் நிற்கிறது. குமிழி எப்போதும் உயர்ந்த பக்கமே செல்லும் என்பதை மாணவர்கள் சொல்லிப் பழக வேண்டும். கட்டை வைக்க வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கம்.

செயல்பாடு 2: மாதிரி வண்டியை நிறுத்துதல்

தேவையானவை: அட்டைப்பெட்டி, அச்சுக்கு ஒரு மூங்கில் குச்சி, நான்கு பாட்டில் மூடிகள் (இரண்டிரண்டாக ஒட்டிய சக்கரங்கள்), இழுவைச் சட்டத்துக்கு ஓர் அடிக்குச்சி, ஜாக்கிக்கு நீளமான 8 மி.மீ. போல்ட்டும் நட்டும், அட்டைத் துண்டுகள், சிறிய கூழாங்கற்கள். நீர் நிரப்பிச் சிறு குமிழி விட்டு மூடிய மருந்துக் குப்பியைப் படுக்க வைத்தால் ரசமட்டம் தயார். இது நேர்க்குழாய் என்பதால் எந்தப் பக்கம் உயரம் என்பதை மட்டும் காட்டும்.

ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, குழுக்களாக வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் முறை வழிகாட்ட வேண்டாம். எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சரியான வரிசையைக் காரணங்களோடு கலந்துரையாடலாம்.

1. பக்கவாட்டு மட்டம். வண்டி காருடன் இணைந்திருக்கும்போதே தாழ்ந்த சக்கரத்தைக் கட்டை மீது ஏற்ற வேண்டும். முன் ஜாக்கி நடுக்கோட்டில் இருப்பதால் அது முன்பின் சாய்வை மட்டுமே மாற்றும், இடவலச் சாய்வை மாற்றாது. கழற்றிய பிறகு வண்டியைக் கட்டை மீது இழுத்தேற்றவும் வழியில்லை.

2. சக்கரத் தடை. இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும்.

3. காரிலிருந்து கழற்றுதல்.

4. முன்பின் மட்டம். ஜாக்கியைத் திருகி முன்பக்கத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டும். மாதிரியில் உள்ள 8 மி.மீ. போல்ட்டின் வழக்கமான மரை இடைவெளி 1.25 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு அவ்வளவே உயரும். மெதுவாக உயர்வதால்தான் சிறிய விசையால் பெரிய பாரத்தைத் தூக்க முடிகிறது.

5. மூலைக் கால்கள். நான்கையும் தரையில் பட்டு, சற்று இறுகும் வரை மட்டும் இறக்க வேண்டும்.

புறப்படும்போது மூலைக் கால்களை முதலில் தூக்க வேண்டும். காருடன் இணைத்த பிறகுதான் சக்கரத் தடையை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, மூன்றாவது படிகள் இடம் மாறினால் என்ன ஆகும்? இதற்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். 800 கிலோ வண்டி 5° சரிவில் நிற்கிறது எனக் கொள்வோம். சரிவின் வழியே கீழே இழுக்கும் விசை, உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 8000 × 0.087, அதாவது சுமார் 700 நியூட்டன். 70 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை. உருளத் தொடங்கிய வண்டியைக் கையால் பிடித்து நிறுத்த முயல்பவர் அதன் வழியிலேயே நிற்கிறார். நம் ஊர் டிரெய்லருக்கும் இது பொருந்தும். நம் மாணவர்களில் பலர் வயலில் டிரெய்லர் கழற்றும்போது அருகில் நின்று உதவுபவர்கள். கல் வைக்காமல் கொக்கியைக் கழற்றக் கூடாது என்பதும், தாங்கல் மீது நிற்கும் வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் அவர்கள் அவசியம் கற்க வேண்டியவை.

செயல்பாடு 3: உறுதியைச் சோதித்தல்

மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாது. இரு சக்கரமும் முன் ஜாக்கியும் சேர்ந்து ஒரு முக்கோணம். வண்டியின் ஈர்ப்பு மையம் அதற்குள் இருக்கும் வரை வண்டி கவிழாது. அப்படியானால் மூலைக் கால்கள் எதற்கு?

மாதிரி வண்டியின் பின்முனையில் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் முன்பக்கம் மேலே எழும். பின்பாரம் கூடிவிட்டது. இப்போது கணக்கிடலாம். வண்டி 800 கிலோ, ஈர்ப்பு மையம் அச்சுக்கு 0.3 மீட்டர் முன்னால், இழுவைக் கொக்கி 3 மீட்டர் முன்னால் எனக் கொள்வோம். அச்சைப் பற்றிய திருப்புத்திறன் 8000 × 0.3 = 2400 நியூட்டன் மீட்டர். கொக்கியின் மீது விழும் முன்பாரம் 80 கிலோ, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளுக்கு 10 முதல் 15 விழுக்காடு முன்பாரம் பரிந்துரைக்கப்படுகிறது. அது குறைந்தால் ஓடும்போது வண்டி பக்கவாட்டில் அலையும்.

நிறுத்திய வண்டியின் பின்முனைப் படுக்கை அச்சிலிருந்து 2 மீட்டர் பின்னால் இருக்கட்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே அமர்ந்தால் எதிர்த் திருப்புத்திறன் 1200. இருவர் அமர்ந்தால் 2400, சரிசமம். மூன்றாமவர் வந்தால் 3600, வண்டி பின்னால் சாயும். பின் மூலைக் கால்கள் இதைத் தடுக்கின்றன. நடக்கும்போது வில்களும் டயர்களும் அமுங்கி எழுவதால் உண்டாகும் ஆட்டத்தையும் மூலைக் கால்கள் குறைக்கின்றன.

இக்கால்களால் வண்டியைத் தூக்கி மட்டம் செய்யக் கூடாது. அவை அந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு இறுகும். அட்டைப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினால் மூடி கோணுவதை மாணவர்கள் பார்க்கலாம்.

மண் இளகியதாக இருந்தால் காலுக்கடியில் பலகை வேண்டும். ஒரு கால் 500 நியூட்டன் தாங்குகிறது, அதன் பாதம் 10 செ.மீ. × 10 செ.மீ. எனில் அழுத்தம் 50,000 பாஸ்கல். 30 செ.மீ. × 30 செ.மீ. பலகை வைத்தால் பரப்பு ஒன்பது மடங்காகி, அழுத்தம் சுமார் 5,560 பாஸ்கலாகக் குறையும். ஈர மணல் நிரப்பிய தட்டில் பென்சில் முனையையும் அழிப்பானையும் ஒரே எடையால் அழுத்தி வேறுபாட்டைக் காட்டலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர், சாய்வு 3°. எந்த உயரக் கட்டை தேவை? (விடை: சுமார் 9.4 செ.மீ.)

2. குமிழி வலப்பக்கம் நிற்கிறது. கட்டையை எந்தச் சக்கரத்தின் கீழ் வைப்பாய்? ஏன்?

3. மூலைக் கால்களை இறக்கிய பிறகு முன் ஜாக்கியைத் திருகினால் என்ன நடக்கும்?

4. உன் வகுப்பறையில் ஆடும் மேசை ஒன்றை எடுத்துக்கொள். அதற்கு மட்டம் தேவையா, உறுதி தேவையா, இரண்டுமா? நீ செய்ததை அளவுகளோடு எழுது.

வீட்டுப்பணியாக, டிராக்டர் ஓட்டுநரையோ கொத்தனாரையோ சந்தித்து, அவர் பின்பற்றும் வரிசையைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மறுநாள் அதை நம் ஐந்து படிகளோடு ஒப்பிட்டு, எங்கு ஒத்துப்போகிறது, எங்கு வேறுபடுகிறது, ஏன் என்று வகுப்பில் பேசலாம். உண்மையான வண்டியைக் கொண்டு மாணவர்கள் எதையும் செய்து பார்க்க வேண்டாம் என்பதை வீட்டுப்பணி தரும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.