நூறு ரூபாய்ப் பத்திரமும் இலைக் கணக்கும்

கல்யாணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமா என்று கோத்தகிரிப் பக்கத்துப் பெண்கள் யாராவது கேட்டால், அந்தக் காசில் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். நான் ஒப்பந்தம் போட்டவள். நூறு ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரி சீல், இரு வீட்டு மாமாக்களின் சாட்சிக் கையெழுத்து. என் நிலத்தில் கணவர் பாத்தியம் கோரமாட்டார், நான் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன். இரண்டாவது வரியை மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கினார்கள். ரொம்ப நியாயஸ்தர்களாம்.

பிரிந்தபோது என் வக்கீல் அதை ஒரு தடவை புரட்டிவிட்டு என்னிடமே கொடுத்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் இதற்கு இடமே கிடையாது. பிரிவை எதிர்பார்த்து எழுதியதை, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டித் தள்ளிவிடுவார்கள் என்றார். மாமியார் சொல்படி அவர் வீட்டோடேயே இருப்பேன், மனைவியை வேறெங்கும் அழைத்துப் போகமாட்டேன் என்று எழுதிக்கொடுத்த மாப்பிள்ளையின் வழக்கில், அந்த எழுத்து செல்லாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1901-லேயே சொல்லிவிட்டது. கோவா கதை வேறு. அங்கே போர்ச்சுகீசிய சிவில் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, முன்கூட்டிப் பதிந்த ஒப்பந்தம் நிற்கும். என் பத்திரத்தில் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்ற வரியும் நிற்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

நிலத்தைக் காப்பாற்றியது வேறு காகிதம். டீமேக்கராக இருந்த அப்பா வாங்கிய ஒரு ஏக்கர் தேயிலையை, நிச்சயத்துக்கு முன்பே அம்மா என் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்து, பட்டாவும் மாற்றியிருந்தார். உங்களுக்கும் இதையே சொல்கிறேன். பத்திரத்தில் ‘ஆயுள் பாத்தியதை’ என்ற சொல் வரவே கூடாது. முழு உரிமை என்று இருந்தால்தான் 1956 வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு முழுசாகக் கைகொடுக்கும். தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவில் கிடக்கும் நிலமென்றால் முதலில் பாகப்பிரிவினை.

நான் இழந்தது இலையில். நிலம் என் பெயரில், ஃபேக்டரியில் இலைக் கணக்கு கணவர் பெயரில். “மாப்பிள்ளை பேர்ல இருந்தாத்தாம்மா மரியாதை” என்றார் பெரியம்மா; புதுப்பெண் நான் என்ன பேச முடியும்? வண்டி வரும், மூட்டையை எடை போடுவார்கள், தண்ணீருக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள், சீட்டு எழுதுவார்கள். பறித்தது நான் வைத்த ஆட்கள், சீட்டில் அவர் பெயர். மாதாமாதம் பணம் அவர் பாஸ்புக்குக்குப் போனது. கோர்ட்டில் கேட்டால் உரம், கவாத்து, பறிகூலி எல்லாம் தன் கைக்காசு என்கிறார். என் பெயரில் காட்ட ஒரு சீட்டு இல்லை. குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் பங்களிப்புதான், கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பங்கு கேட்க அவர் எதையாவது வாங்கியிருக்க வேண்டுமே! சீட்டாட்டத்தில் விட்டதில் பாதி கேட்க முடியுமா?

ஆகவே தாலி ஏறுமுன் ஃபேக்டரிக்குப் போய் இலைக் கணக்கை உங்கள் பெயருக்கு எழுதுங்கள். மரியாதை எங்கும் ஓடிவிடாது.

நகைக்கு, 1985 வரதட்சணைத் தடுப்பு விதிகள் சொல்லும் பரிசுப் பட்டியல் போதும்: என்ன பொருள், உத்தேச மதிப்பு, யார் கொடுத்தது, என்ன உறவு, இருவர் கையெழுத்து. கிறிஸ்தவத் தோழிகள் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயிலைப் புதிதாக எழுத வேண்டும். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி கல்யாணத்தோடு பழையது ரத்து. இந்துக்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்கு ஒப்பந்தம் அடித்துக்கொடுத்தவர் இந்த வித்தியாசமெல்லாம் பார்க்கிறவர் இல்லை. அன்று எனக்குப் பின்னால் நின்ற கிறிஸ்தவப் பெண்ணுக்கும் அதே வாசகம்தான், பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். ஃபீஸ் மட்டும் இருவரிடமும் தனித்தனியாக.