கொன்றுவிட்டால் போதுமா?

நம்பிக்கை: மருந்தடித்துக் கரப்பானை ஒழித்துவிட்டால் வீடு சுத்தம்.

உண்மை: கரப்பான் செத்த பிறகும் அதன் வேலை நடக்கும். அதன் எச்சில், எச்சம், உதிர்ந்த ஓடு ஆகியவற்றில் இருக்கும் புரதங்கள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. ஸ்பிரே அடித்த மறுநாள் காலை, சிங்க்குக்குக் கீழே மல்லாந்து கிடப்பவற்றைக் கூட்டி அள்ளிவிடுகிறோம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அலமாரி மூலையில் மிளகுத்தூள் சிந்தினாற்போல் கிடக்கும் கறுப்புப் பொடியை யார் துடைக்கிறார்கள்? அது காய்ந்து தூசோடு கலந்து மூக்குக்குள் போகிறது. அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளை ஆராய்ந்து 1997-இல் ஒரு கட்டுரை வெளியானது. கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறைத் தூசில் அந்தப் புரதமும் மிகுந்திருந்த குழந்தைகள், மற்றவர்களைவிட 3.4 மடங்கு அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, ஸ்பிரே நெடியே சிலருக்கு வீசிங்கை வரவழைக்கும். ஜெல் மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டு, ஈரத்துணியால் மூலைமுடுக்கெல்லாம் துடைப்பது மேல்.

நம்பிக்கை: மெத்தையில் பூச்சி இருந்தால் கடிக்கும், தெரிந்துவிடும்.

உண்மை: கடிப்பது மூட்டைப்பூச்சி. தூசு உண்ணி கடிக்காது, கண்ணுக்கும் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம்கூட இருக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் தேடிப் போவதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. கடலோர ஊர்களில் அதற்குக் குறையே இல்லை. எழுந்ததும் வரிசையாகத் தும்முகிறவர்கள் பலர் பனியைத் திட்டுவார்கள். தலையணையை யாரும் திட்டுவதில்லை.

மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் பாதி வேலை. வெயில் உண்ணியைக் காயவைத்துக் கொல்லும். வினையே அதன் எச்சத்தில்தான் இருக்கிறது. அது பஞ்சிலேயே தங்கிவிடும். வெளியில் வைத்து நன்றாகத் தட்டுங்கள், தட்டுகிறவர் இழுப்புக்காரராக இருக்க வேண்டாம். தலையணை உறை, விரிப்பு எல்லாம் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் உண்ணியும் சாகும், எச்சமும் கரைந்து போகும்.

நம்பிக்கை: சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தால் அது விஷம், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும்.

உண்மை: இரண்டும் தப்பு. 1990-களில் கிளீவ்லேண்ட் நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தபோது பழி ஒரு கறுப்புப் பூஞ்சை மேல் விழுந்தது. 2000-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வை மறுபடி அலசி, தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. இதற்காகப் பூஞ்சையோடு குடித்தனம் நடத்தலாம் என்று அர்த்தமில்லை. நிறம் எதுவானாலும் ஓதம் காக்கிற வீட்டில் இருமலும் ஆஸ்துமாவும் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே சொல்லிவிட்டது. பிளீச்சில் செத்த பூஞ்சையின் வித்தும் ஒவ்வாமை தரும். பாத்ரூம் குழாயோ சன்ஷேட் விரிசலோ கசிந்துகொண்டே இருந்தால், அடுத்த மழைக்கே பெயின்ட் உப்பி உரியும். பெயின்டரைக் கூப்பிடும் முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

நம்பிக்கை: சாம்பிராணி போட்டால் வீட்டுக் காற்று சுத்தமாகும்.

உண்மை: வாசம் வரும். மேலே சொன்ன எந்தப் புரதமும் புகைக்கு அசையாது. இழுப்பு உள்ளவருக்குப் புகை கூடுதல் தொல்லை.

நம்பிக்கை: புறா பால்கனியில் தங்கினால் அதிர்ஷ்டம், எச்சம் காய்ந்துவிட்டால் கெடுதல் இல்லை.

உண்மை: காய்ந்த பிறகுதான் கெடுதலே. அந்தத் தூளைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலின் உள்திசுவே வீங்குகிறது. இது சாதாரணச் சளி இல்லை. நாள்பட்டுத் தழும்பேறிவிட்டால் பழையபடி ஆவது கடினம். 2017-இல் வெளியான இந்தியப் பதிவேட்டில், நுரையீரல் உள்திசு நோய் கண்ட 1,084 பேரில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினருக்கு இப்படி ஒவ்வாமையால் வந்த அழற்சிதான். அவர்களில் பாதிப்பேர்வரை ஏர் கூலரோடு இருந்தவர்கள். கூலரின் ஈரமான திரையும் பூஞ்சைக்கு நல்ல இடம். தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள், திரையைக் காயவிடுங்கள். பால்கனிக்கு வலை கட்டுங்கள். எச்சத்தை அப்படியே துடைப்பத்தால் சுரண்டாமல், தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள்.