கேப்போவும் கார்ட் ஷீட்டும்: சில குறிப்புகள்

1. கிட்டார் கழுத்தில் மாட்டும் கேப்போவை ஒரு ஃப்ரெட் ஏற்றினால் சுருதி ஒரு செமிடோன் ஏறும். ஹார்மோனியத்தில் கறுப்பையும் சேர்த்து எண்ணினால் அடுத்த கட்டை. இ-க்கு அடுத்தது எஃப், பி-க்கு அடுத்தது சி; நடுவில் ஷார்ப் கிடையாது. கணக்கு உதைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

2. பாடுபவர் ‘அஞ்சரைக் கட்டை’ என்றால் ஜி ஷார்ப். முதல் ஃப்ரெட்டில் கேப்போ, ஜி ஷேப், வேலை முடிந்தது. இரண்டரைக் கட்டை (ஷீட்டில் இ ஃப்ளாட் என்றிருக்கும்) என்றால் முதல் ஃப்ரெட்டில் டி ஷேப் அல்லது மூன்றாவதில் சி ஷேப். புதிதாகக் கற்பவருக்கு டி-யே மேல். சி எடுத்தால் எஃப் பாரே வந்து விரலை வாட்டும்.

3. கார்ட் ஆப்பில் ஸ்கேலை மாற்றிவிட்டு கேப்போவையும் மாட்டினால் இரண்டு தடவை ஏறிவிடும். ‘கேப்போ 2’ என்று போட்ட ஷீட்டில் இருப்பது விரல் ஷேப். காதில் கேட்கும் கார்ட் அல்ல. அதை ஆப்பில் இரண்டு செமிடோன் ஏற்றினால் கேட்கும் கார்ட் வந்துவிடும். அப்புறம் கேப்போவைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

4. இப்படிப்பட்ட ஷேப் ஷீட்டைக் கீபோர்டுக்காரரிடம் அப்படியே நீட்டாதீர்கள். பேனாவால் மேலே பி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப். பென்சிலால் கீழே ஜி, சி, டி. ஓரத்தில் ‘கேப்போ 3’. ஒரே தாள் இருவருக்கும் போதும்.

5. கேப்போ சுருதியை ஏற்றும், இறக்காது. ஜி-யில் உள்ள பாட்டை எஃப்-க்கு இறக்க வேண்டுமா? ஷீட்டை டி-க்கு மாற்றி, மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ வையுங்கள்.

6. இரண்டு கிட்டார் இருந்தால் ஒருவர் கேப்போ இல்லாமல் ஜி-யில் வாசிக்கட்டும். மற்றவர் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ வைத்து டி ஷேப் பிடிக்கட்டும். ஸ்கேல் ஒன்றே, நாதம் வேறு. இருவரும் ஒரே ஷேப்பில் வாசிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

7. பீட்டில்ஸின் ‘ஹியர் கம்ஸ் தி சன்’ (1969) பாட்டில் ஜார்ஜ் ஹாரிசன் ஏழாம் ஃப்ரெட்டில் கேப்போ வைத்து டி ஷேப் வாசித்தார்; கேட்பது ஏ. அங்கே ஒலி மாண்டலின்போல மெலிந்து மின்னும். எல்லாப் பாட்டுக்கும் அது ஒத்துவராது.

8. கேப்போ ஃப்ரெட் கம்பியின் மேல் ஏறாமல், அதை ஒட்டிப் பின்னால் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் தந்தி இரையும். அளவுக்கு மீறி இறுக்கினால் சுருதி கூடும். மாட்டியதும் ஒருமுறை ட்யூன் பார்த்துவிட்டே பாட்டை எடுங்கள்.