ஒரே பாயில் அமர்வோம்

மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் நம்மில் பலர், பிள்ளைகள் உறங்கிய பின்பே வேலையிலிருந்து வீடு திரும்புகிறோம். ரமளானிலோ, பள்ளிவாசலில் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வரும் பிள்ளை, மஃரிப் பாங்கு கேட்டதும் நம்முடன் ஒரே பாயில் அமர்கிறது.

மதீனாவின் அன்ஸாரிகள் ஆஷூரா நோன்பைப் பிள்ளைகளுக்கும் பழக்கினார்கள். பசித்து அழுத பிள்ளைக்குக் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து, நோன்பு திறக்கும்வரை தேற்றினார்கள் என ருபைய்யிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). ஏவியதோடு நில்லாமல் அரவணைத்தார்கள்!

ஷவ்வால் பிறை கண்டதும் நாம் பாயைச் சுருட்டிவிடலாமா? சேர்ந்துண்பதில் பரக்கத் உண்டென்பது நபிமொழி. வாரம் ஒருநாளேனும் மஃரிபைப் பிள்ளைகளுடன் தொழுது, சேர்ந்துண்போம். அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.