முதலில் பார்ப்போம், பிறகு பொருள் சொல்வோம்

எட்டாம் வகுப்பில் ஒரு பறவை ஓவியத்தைக் காட்டி, "இது எதைக் குறிக்கிறது?" என்று கேட்டேன். "சுதந்திரம்!" என்றது வகுப்பு முழுவதும். பறவையின் காலில் சங்கிலி இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. தவறு என் கேள்வியில்தான் இருந்தது.

டச்சு ஓவியர் காரல் ஃபப்ரீஷியஸ் 1654இல் வரைந்த 'கோல்ட்ஃபிஞ்ச்' அது. உயரம் 33.5 செ.மீ. மட்டுமே. மறுநாள் மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்டேன்.

1. என்ன தெரிகிறது? தீனிப்பெட்டி, வளைந்த கம்பி, மெல்லிய சங்கிலி, சுவரில் நிழல்.

2. எப்படி வரைந்திருக்கிறார்? இறகுகளை ஒவ்வொன்றாக வரையவில்லை. சில தூரிகைத் தீற்றல்களே. வெளிர்சுவரில் விழும் நிழல்தான் குருவிக்கு உயிர் தருகிறது.

3. என்ன பொருள்? அக்காலத்தில் இக்குருவியைச் சிறு கிண்ணத்தால் தானே நீர் இறைத்துக் குடிக்கப் பழக்கினார்கள் என்ற செய்தியை இங்குதான் சொன்னேன்.

வழக்கமாகப் பேசாத மாணவி எழுந்தாள்: "அழகா இருக்குன்னுதான் சார் கட்டி வச்சிருக்காங்க."

விடை ஓவியத்திலிருந்தே வந்தது. ஆசிரிய நண்பர்களே, பாடநூல் படங்களுக்கும் இவ்வரிசையைப் பின்பற்றிப் பாருங்கள். பொருளைக் கடைசியில் கேளுங்கள்.